இணைச்சீர்ப் படத்தில் கரைத்து வைத்தவள்

எங்கள் பக்கத்துக் கல்யாண ஆல்பங்களில் செத்துப்போனவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். அவர்களுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் இருக்காது. பெண்ணின் அப்பாவோ மாப்பிள்ளையின் தாத்தாவோ, முதல் ஷீட்டின் மேல் மூலையில், மார்புவரை தெளிவாக இருப்பார்கள். அப்புறம் கொஞ்சங்கொஞ்சமாக மேகத்துக்குள் கரைந்துபோவார்கள். உயிரோடு இருக்கிறவர்களை அப்படி வைக்கக் கூடாது. இது யாரும் எழுதிவைத்த சட்டம் இல்லை. ஆனால் வடகரப்பதியிலிருந்து பொள்ளாச்சிவரை எந்த வீட்டில் ஆல்பத்தைப் பிரித்தாலும், கரைந்திருக்கிற ஆளைப் பார்த்ததும் "இவரு எப்பங்க தவறுனாரு?" என்றுதான் கேட்பார்கள்.

அந்தக் கரைக்கிற வேலையைச் செய்கிறவள் நான். ஸ்டூடியோக்காரர்கள் கல்யாணத்தில் படம் எடுத்து, ஹார்ட் டிஸ்கில் போட்டு எனக்கு அனுப்பிவிடுவார்கள். கேரளப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், நல்லேப்பிள்ளி, எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சி என்று எங்கிருந்தெல்லாமோ வரும். நான் ஷீட் ஷீட்டாக அடுக்கி, நிறம் திருத்தி, ஆல்பமாக்கி, அச்சடிக்கிற லேபுக்கு அனுப்புவேன். பல வருஷமாக இதுதான் என் வேலை. இத்தனை கல்யாணம் பார்த்தவள் எங்கள் தாலூகாவில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். ஒரு பந்தியில்கூட உட்கார்ந்ததில்லை.

கரைக்கிற வித்தை பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிற படங்களுக்கு லேயர் என்று பேர்; கரைக்கவேண்டிய படத்தின் லேயர் மேல் ஒரு மாஸ்க் போடவேண்டும். மாஸ்க்கில் வெள்ளை இருக்கிற இடத்தில் படம் தெரியும், கறுப்பு இருக்கிற இடத்தில் மறையும், சாம்பல் இருக்கிற இடத்தில் பாதி தெரியும். கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் போகிற கிரேடியன்ட்டை எடுத்து, மவுஸால் கீழிருந்து மேலே இழுத்தால் ஆள் கீழே கரைந்து மேலே தெளிவார். குட்டையாக இழுத்தால் கத்தியால் வெட்டினதுபோல ஆகிவிடும். நீளமாக இழுத்தால் எங்கே முடிந்தார் என்றே தெரியாது. சில பேர் சோம்பேறித்தனத்தில் ரப்பரை வைத்துப் படத்தையே அழிப்பார்கள். அப்படிப்பட்ட டிசைனர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டுக்காரர் நாளைக்கே வந்து, "அப்பாவோட வாச்சு தெரியற மாதிரி வெய்யுங்க" என்றால் அழித்ததை எங்கே போய்த் தேடுவது? மாஸ்க் போட்டால் படம் அடியில் முழுசாக அப்படியே இருக்கும்.

வடகரப்பதியில் ஒரு மாட்டுத் தீவனக் கடையின் மாடியில் குடியிருக்கிறேன். புருஷனைப் பிரிந்து வந்து ஆறு வருஷம். ஏன் பிரிந்தேன் என்று கேட்காதவர்கள் ஊரில் இல்லை. சொன்னதை நம்பினவர்களும் இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சொல்வதையே நிறுத்திவிட்டேன். கீழே புண்ணாக்கு மூட்டை இறக்குகிறவர்கள் சத்தம் போட்டுப் பேசிக்கொள்வார்கள். மேலே நானும் என் கம்ப்யூட்டரும்தான். சில நாள் பேச ஆளே இல்லாமல் திரையில் இருக்கிறவர்களோடு பேசுவேன். "ஏனுங்க மாமா, புள்ளையக் கட்டிக் குடுக்கற அன்னிக்காச்சும் கொஞ்சம் சிரிச்சாத்தான் என்னங்க?" என்று யாரோ ஒரு பெண்ணின் அப்பாவைக் கேட்பேன். பிறகு என் சத்தம் எனக்கே கேட்டு வெட்கமாகிவிடும். தனிமை பழகிவிடும் என்று சொல்கிறவர்கள் தனியாக இருந்து பார்த்ததில்லை.

எனக்கு உடன்பிறந்தவன் ஒருவன்தான், தம்பி. அப்பா அம்மா போன பிறகு எங்கள் வீட்டுக்குப் பெரியப்பாதான் பெரியவர். அவர்தான் தம்பிக்குப் பெண் பார்த்தார். பொள்ளாச்சிப் பக்கம் நல்ல இடம். நிச்சயம் ஆனதும் பெரியப்பா மாடி ஏறி என்னைப் பார்க்க வந்தார். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"அம்மிணி, இணைச்சீருக்கு என்ற புள்ளைய நிக்கச் சொல்லலாம்னு இருக்கறேன். பொண்ணு ஊட்டுல ஒறம்பரை, சொந்தமல்லாம் ஒரு மாதிரி. நீ போய் நின்னு, நாலு பேரு நாலு கேள்வி கேட்டு, உனக்கெதுக்குச் சங்கடம்?"

எங்கள் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் நடக்கும். மாப்பிள்ளையோடு கூடப் பிறந்தவள் பட்டுடுத்தி அவன் பக்கத்தில் நிற்பாள். பெண்ணுக்குக் கொடுக்கப்போகிற கூறைச்சேலையின் ஒரு தலைப்பு அவனிடமும் மறு தலைப்பு அவளிடமும் இருக்கும். இன்னொருத்தி இந்த வீட்டுக்கு வரும் முன்னால், இவள் இவனுக்கு உடன்பிறந்தவள் என்று ஊர் முன்னால் காட்டுகிற சீர் அது. உடன்பிறந்தவள் இல்லாதவனுக்குத்தான் பெரியப்பா மகளோ சித்தப்பா மகளோ நிற்பார்கள்.

"நானே சொல்லலாம்னுதான் இருந்தனுங்க பெரீப்பா," என்றேன். வீம்புதான், வேறென்ன? அவர் இறங்கிப் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கல்யாணத்தன்று பெரியப்பா மகள் என் இடத்தில் நின்றாள். நான் இங்கே உட்கார்ந்து நல்லேப்பிள்ளியில் நடந்த ஒரு மலையாளக் கல்யாணத்துக்குப் பின்னணியில் நெல்வயல் வைத்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்துத் தம்பி வந்தான். கையில் ஹார்ட் டிஸ்க்.

"ஆல்பம் நீயே பண்ணிரு, அக்கா. வேற யாரும் பண்ணுனா எனக்குத் திருப்தியா இருக்காது."

"அவளுக்கு நான் இருக்கறது தெரியுமாடா?"

"கூடப் பொறந்தவ யாரும் இல்லைன்னு பெரீப்பா சொல்லியிருக்கறாரு. நான் ஒண்ணும் சொல்லலை." அவன் தரையைப் பார்த்தான். "நேரம் பாத்துச் சொல்றேன்க்கா."

கோபத்தில் அந்த டிஸ்கை அவன் மேலேயே வீசியிருக்கலாம். ஆனால் வாங்கி வைத்துக்கொண்டேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவன் அந்தப் பெண்ணின் முன்னால் என்னை அக்கா என்று ஒரு தடவை சொல்லவேண்டும். விருந்து வேண்டாம், சீர் வேண்டாம். அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை ஷீட் வேண்டுமானாலும் பண்ணுவேன் என்று தோன்றியது.

மூன்று நாள் என் தம்பியின் கல்யாணத்தைத் திரையில் பார்த்தேன். அவனுக்கு வேட்டி நிற்கவில்லை. எல்லாப் படத்திலும் ஒரு கை இடுப்பிலேயே இருந்தது. அந்தப் பெண்ணுக்குச் சிரித்தால் கண் மூடிக்கொள்கிறது. பெரியப்பா எல்லாப் படத்திலும் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். முதல் ஷீட்டில் அப்பாவையும் அம்மாவையும் வைத்து மேகத்தில் கரைத்தேன். அதில் கை நிற்கவில்லை. எத்தனையோ வீட்டு அப்பா அம்மாவுக்குச் செய்த வேலைதானே.

இணைச்சீர்ப் படங்கள் வந்தபோதுதான் நின்றுவிட்டேன். ஒரு படத்தில் பெரியப்பா மகள் இன்னும் வந்து நிற்கவில்லை. தம்பி தனியாக, சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, யார் வருகிறார்கள் என்று பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது.

சும்மா ஐந்து நிமிஷம் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். என்னிடம் என் படம் ஒன்றே ஒன்றுதான் ஒழுங்காக இருந்தது. கொழிஞ்சாம்பாறை ஸ்டூடியோக்காரர் புது லென்ஸைச் சோதிக்க என்னை மேஜைக்குப் பின்னால் உட்காரவைத்து எடுத்தது. நீலப் பருத்திச் சேலை, இடுப்புவரைதான். அதை வெட்டி, தம்பி பக்கத்தில் வைத்து, முகத்து வெளிச்சத்தை மண்டப வெளிச்சத்துக்குத் திருப்பினேன். கீழே மேஜை தெரிந்தது. மேஜையை மறைக்க மாஸ்க் போட்டு, கீழிருந்து நீளமாக ஒரு கிரேடியன்ட் இழுத்தேன். நான் இடுப்புக்குக் கீழே கூறைச்சேலைக்குள் கரைந்துபோனேன்.

நன்றாக வந்திருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் பண்ணின வேலையிலேயே அதுதான் நல்ல வேலை. தம்பி பக்கவாட்டில் என்னைத்தான் பார்க்கிறான் என்று தோன்றியது. கண் நிறைந்துவிட்டது. "வந்துட்டண்டா," என்று சொன்னேன், சத்தமாகவே. அப்போது கரண்ட் போகப்போகிற மாதிரி விளக்கு மின்னியது. அவசரமாகச் சேமித்துவிட்டு எழுந்துபோனேன்.

மறுநாள் எல்லா ஷீட்டையும் ஒரே மூச்சில் லேபுக்கு அனுப்பினேன். தம்பி, "நீ பண்ணுனதுக்கு நான் என்ன பாக்கறது, அனுப்பிரு," என்று முன்பே சொல்லியிருந்தான். சும்மா வைத்துப் பார்த்த அந்தப் படத்தின் லேயரை மறைக்கவில்லை என்பது எனக்கு ஞாபகமே இல்லை. அடியில் பெரியப்பா மகள் நின்ற சரியான படம் இருந்தது. அதை மறைத்துக்கொண்டு மேலே தம்பியோடு நான் இருந்தேன். தவறுதான். வேண்டுமென்றே செய்தாயா என்று என்னையே எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன், இல்லை என்றுதான் பதில் வருகிறது. ஆனால் இத்தனை வருஷத்தில் வேறு எந்தக் கல்யாணத்திலும் அப்படி ஒரு தவறு எனக்கு நடந்ததில்லை.

ஆல்பம் லேபிலிருந்து நேராகத் தம்பி வீட்டுக்குப் போய்விட்டது. இரண்டு நாள் கழித்துப் பெரியப்பா மகள் போன் பண்ணினாள். எடுத்த எடுப்பிலேயே சண்டை.

"ஏனக்கா, மூணு மணிநேரம் பட்டுச்சேலையோட வேர்த்து ஊத்தி நின்னவ நானு. என்னைய எங்கக்கா காணோம்?"

அவள் சொல்லச் சொல்லத்தான் என்ன நடந்திருக்கிறது என்று புரிந்தது. பெண் வீட்டார் ஆல்பம் பார்க்க வந்திருக்கிறார்கள். கூடத்தில் பாய் விரித்து, எல்லாரும் சுற்றி உட்கார்ந்து, ஒவ்வொரு ஷீட்டாகப் புரட்டியிருக்கிறார்கள். இணைச்சீர் ஷீட் வந்ததும் பெண்ணின் அம்மா கையை வைத்து நிறுத்திவிட்டார்கள்.

"'அட சாமி, மாப்பிள்ளைக்கு ஒரு அக்கா இருந்து தவறிட்டாங்களா? நம்மகிட்டச் சொல்லவே இல்லையே'ன்னு கேட்டாங்கக்கா. அல்லாரும் அண்ணன் மூஞ்சியப் பாத்தாங்க."

"அவன் என்ன சொன்னான்?"

அவள் கோபமெல்லாம் இறங்கிவிட்டது.

"சொல்லு கண்ணு. என்ன சொன்னான்?"

"'ஆமாங்க'ன்னுட்டான்க்கா."

நான் போனை வைத்துவிட்டேன். அடப்பாவி, என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னேன். அவனுக்கு நான் போன் பண்ணவில்லை; அவனும் பண்ணவில்லை. அடுத்த வாரம் முழுக்க யாராவது போன் அடித்தால் அவனாக இருக்குமோ என்று பார்ப்பதும், இல்லை என்றதும் யாரோ ஒரு ஸ்டூடியோக்காரரிடம் எரிந்துவிழுவதுமாகப் போனது. அவன் மேல் கோபம் என்று சொல்ல முடியவில்லை. மேகத்தில் வைக்கிற மாதிரி என்னைக் கரைத்து வைத்தது நான்தானே. அவன் அதற்கு ஆமாம் போட்டான். அதுதான் அதிகமாக வலித்தது.

ஆனி மாசக் கடைசியில் ஒரு நாள் காலையில் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. சின்னப் பெண்ணின் குரல், வேகமான பேச்சு.

"ஏனுங்க, ஆல்பம் டிசைன் பண்றவங்களுங்களா? ஸ்டூடியோவுல உங்க நம்பர் குடுத்தாங்க. எங்க ஆல்பத்துல எங்க நங்கையா படம் ஒண்ணு இருக்குதுங்க. எங்க ஊட்டுக்காரரோட அக்காங்க. அதைய மட்டும் பெரிசாப் போட்டு ஃபிரேம் பண்ணோணும்ங்க. அவுங்க இப்ப இல்லீங்க."

எந்த ஊர், எந்தக் கல்யாணம் என்று கேட்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஆனாலும் கேட்டேன். அவள் தம்பியின் ஊரைச் சொன்னாள்.

"ஃபிரேம் எதுக்குங்க அம்மிணி?" என்றேன்.

"சேலை வெச்சுக் கும்புடறதுக்குங்க. ஊட்டுல தவறுன பொண்ணு இருந்தா ஆடி பொறக்கறதுக்குள்ள படையல் போட்டரோணும்னு எங்கம்மா சொல்றாங்க. அப்பத்தான் என்னைய அவுங்க நல்லபடியாப் பாத்துக்குவாங்களாம்."

"உங்க ஊட்டுக்காரரு என்ன சொல்றாருங்க?"

"அவுங்ககிட்டச் சொல்லலீங்க. அக்கா பேச்சை எடுத்தாலே எந்திரிச்சு வெளிய போயர்றாங்க. நெம்பப் பாசமா இருந்திருப்பாங்களாட்ட இருக்குது. அதனாலதான் நானே பண்ணிரலாம்னு." கொஞ்சம் தயங்கினாள். "ஒண்ணு கேக்கட்டுங்களா? படத்துல சாதாச் சேலையில இருக்கறாங்க. நான் வாங்கி வெச்சிருக்கற சேலையக் கட்டுன மாதிரி, முழுசா நிக்கற மாதிரி, பண்ண முடியுமுங்களா?"

எனக்காக இப்படி ஒருத்தி யோசித்து எத்தனை வருஷம் ஆகிறது! அதுவும் நான் செத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. முடியாது, படம் அழிந்துவிட்டது என்று ஒரு பொய் சொன்னால் முடிந்திருக்கும். உண்மையைச் சொன்னால் தம்பி அவள் முன்னால் பொய்க்காரனாவான்; கல்யாணமாகி மூன்று மாசம் ஆகவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவளைப் பார்க்கவேண்டும்போல இருந்தது.

"சேலையை நேர்ல கொண்டுவாங்க. நிறம் பாக்கோணும்," என்று சொல்லி முகவரியைக் கொடுத்தேன்.

அன்று மத்தியானமே வந்துவிட்டாள். ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. கீழே தீவனக் கடையில் வழி கேட்டாள். காற்று பேயாக அடித்துக்கொண்டிருந்தது. ஒரு கையால் முந்தானையையும் ஒரு கையால் துணிப்பையையும் பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள். நான் கதவைத் திறந்தேன்.

என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினவள் அப்படியே நின்றுவிட்டாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயந்துக்காத அம்மிணி. நான்தான். உள்ள வா."

"நீங்க... நீங்க நங்கையாங்களா?" குரல் ஏறிவிட்டது. "உசுரோட இருக்கற மனுசிக்கா நான் படையல் சேலை எடுத்தேன்? அய்யோ, என்னங்க இது!"

படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்: பிரிந்து வந்தது, பெரியப்பா வந்து பேசினது, நான் பண்ணின தவறு. தம்பியைக் காப்பாற்றத்தான் பார்த்தேன். "அவம் மேல தப்பில்ல. படத்தைப் பாத்தா யாரும் அப்படித்தான் நினைப்பாங்க. சபையில அல்லாரும் கேட்டா அவன் என்ன பண்ணுவான்?" என்றேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்ததும் பையிலிருந்து போனை எடுத்தாள்.

"வேண்டாம் அம்மிணி."

"நீங்க சும்மா இருங்க," என்றாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

தம்பி தென்னைநார் மில்லில் வேலை செய்கிறான். அவன் எடுத்ததும் முதலில் மெஷின் சத்தம்தான் கேட்டது.

"ஏனுங்க, நான் அக்கா ஊட்டுல இருக்கறனுங்க," என்றாள் இவள்.

"எந்த அக்கா?" என்று கேட்டான் என் தம்பி.

எனக்கு எழுந்து உள்ளே போய்விடலாம் என்று இருந்தது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்ககூடப் பொறந்த அக்கா எத்தனை பேருங்க?"

அவன் போனைத் துண்டிக்கவில்லை. மெஷின் சத்தம் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைந்தது. வெளியே நடந்து வருகிறான் என்று தெரிந்தது. அப்புறம் அவன் மூச்சு மட்டும் கேட்டது. அவள் போனை என் பக்கம் நீட்டினாள்.

அவனிடம் கேட்பதற்கென்று எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். ஆமாங்கன்னு சொல்ல எப்படிடா வாய் வந்துச்சு என்று கேட்கவேண்டும் என்று ஒவ்வொரு நாளும் பல் விளக்கும்போது சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் வரவில்லை.

"உன்ற பொண்டாட்டி வந்திருக்கறா. டீ போடப்போறேன்," என்றேன். "அவளுக்குச் சக்கரை எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. நீயே சொல்லு."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"கம்மியாப் போடுக்கா," என்றான்.

ஸ்பீக்கரில் இருந்ததால் அவளுக்கும் அந்த வார்த்தை கேட்டது.